கொடையும் கடனும்

கொடையைப் போற்றாத சமுதாயம் உலகில் இல்லை. ஆயின், கொடுக்கப்படும் பொருள் கொடுப்பவரிடம் எவ்வாறு வந்து சேர்ந்தது என்னும் வினா கொடைக்குப் பின்னர் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. பெற்றுக்கொண்டவர் அதனைக் கேட்பது நன்றிகேடாகத் தோன்றுகின்றது. கொடுத்தவர் தாமாக அதனைக் கூறுவதுமில்லை. இவ்விரு மௌனங்களுக்கும் இடையிலேயே உலகின் பெரிய நூதனசாலைகளும் நூல்நிலையங்களும் மருத்துவமனைகளும் பல எழுந்து நிற்கின்றன.

பிறரை வருத்தி ஈட்டப்பட்ட செல்வம் பின்னர்ப் பொதுநன்மைக்கு வழங்கப்படுமாயின், அவ்வழங்கல் முன்னைய தீங்கை ஈடுசெய்யுமா? ஈடுசெய்யாதெனின், அதன் பயனை நுகரும் பொதுமக்கள் அதனை எத்தகைய மனப்பான்மையுடன் ஏற்றல் வேண்டும்? இவ்வினாக்களை வெறுங் கோட்பாட்டளவில் ஆராய்வதிலும் பார்க்க, நிகழ்ந்ததொன்றை முன்வைத்து ஆராய்தல் பயனுடையது. நியூயோர்க் நகரின் ஐந்தாம் அவெனியூவில், செல்வர் ஒருவர் தாம் வாழக் கட்டிய மாளிகை அவருக்குப் பின் பொதுமக்களுக்குரிய கலைக்கூடமாயிற்று. பிறிக் கலைக்கூடம் என்று வழங்கும் அதனையே இக்கட்டுரை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றது.

செல்வம் வந்த வழி

ஹென்றி கிளே பிறிக் 1849ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். அம்மாநிலத்தின் மேற்குப் பகுதி நிலக்கரி வளம் மிக்கது. அந்நிலக்கரியைச் சூளையிலிட்டுச் சுட்டு, உருக்காலைகளுக்கு வேண்டிய கற்கரியாக்கும் தொழிலில் அவர் 1871ஆம் ஆண்டு இறங்கினார். 1873இல் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடியின்போது பிறர் கைவிட்டவற்றை வாங்கிச் சேர்த்தார். முப்பது வயதை எட்டும்போது பத்து இலட்சம் டொலருக்கு அதிபதியாகிவிட்டார். 1881இல் உருக்குத் தொழிலின் பெருமுதலாளியான அன்ட்ரூ கார்னெகியுடன் கூட்டுச் சேர்ந்தார். 1889இல் கார்னெகி நிறுவனத்தின் தலைவர் பொறுப்பு அவரிடம் வந்தது.

அதே 1889ஆம் ஆண்டு கார்னெகி 'செல்வம்' என்னும் தலைப்பில் ஒரு கட்டுரையை வெளியிட்டார். அக்காலப் பெருஞ்செல்வரின் மனப்போக்கை விளங்கிக்கொள்ள அது பெரிதும் உதவும். தம் தேவைக்கு மிஞ்சிய பொருளுக்குச் செல்வர் உரிமையாளர் அல்லர். வறியோரின் பொருட்டு அதனைக் காத்து நிற்கும் தருமகர்த்தரே அவர் என்பது அக்கட்டுரையின் சாரம். கேட்பதற்கு இனிய கொள்கைதான். ஆயின், அதனுள் நாம் ஊன்றி நோக்கவேண்டிய ஒரு நியாயம் அடங்கியுள்ளது. அச்செல்வத்தைச் சிறுசிறு தொகைகளாக மக்களிடையே பகிர்ந்தால் அது உணவிலும் உடையிலும் கரைந்துபோகும். ஆற்றல் மிக்க ஒருவரின் கையில் திரண்டிருந்து, அவர் தெரிவுசெய்யும் பொதுப்பணிகளுக்குச் செலவாவதே சமுதாயத்துக்கு மேலானது என்று அவர் வாதிட்டார். கூலியாகக் கொடுக்காததைக் கொடையாகக் கொடுத்தல் எனச் சுருங்கக் கூறலாம்.

மூன்று ஆண்டுகளின் பின்னர் அக்கொள்கையின் மறுபக்கம் வெளிப்பட்டது. பிற்ஸ்பேர்க் நகருக்கு அண்மையில், மொனொங்கஹீலா ஆற்றங்கரையில் உள்ள ஹோம்ஸ்டெட்டில் கார்னெகி நிறுவனத்தின் பேராலை ஒன்று இருந்தது. அங்குத் தேர்ச்சிபெற்ற தொழிலாளரின் சங்கம் நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தம் 1892 யூன் 30ஆந் திகதியுடன் முடிவுற்றது. புதிய ஒப்பந்தத்தில் நிறுவனம் ஊதியக் குறைப்பை வேண்டி நின்றது. தொழிற்சங்கத்தை ஆலையிலிருந்து அகற்றிவிடுவதே பிறிக்கின் நோக்கமாயிருந்தது. கார்னெகி அவ்வேளையில் ஸ்கொட்லாந்தில் இருந்தார். பிறிக் ஆலையைச் சுற்றி முட்கம்பி வேய்ந்த உயர்ந்த வேலியை எழுப்பிக் கதவடைப்புச் செய்தார். யூலை 6ஆந் திகதி விடியற்பொழுதில் பிங்கேர்ட்டன் என்னும் தனியார் காவல் நிறுவனத்தைச் சேர்ந்த ஏறத்தாழ முந்நூறு பேர் இரு பெரும் மிதவைகளில் ஆற்றுவழியே கொண்டுவரப்பட்டனர். கரையில் திரண்ட தொழிலாளருக்கும் அவர்களுக்குமிடையே பகல் முழுதும் நடந்த மோதலில் இரு தரப்பிலுமாகப் பத்துப் பேருக்குக் குறையாமல் உயிரிழந்தனர். பிங்கேர்ட்டன் ஆட்கள் இறுதியிற் சரணடைந்தனர். ஆயின் தொழிலாளரின் வெற்றி ஒரு வாரமும் நிலைக்கவில்லை. மாநில ஆளுநர் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட படையினரை அனுப்பினார். அவர்களின் காவலில் புதிய ஆட்களைக் கொண்டு ஆலை மீண்டும் இயங்கத் தொடங்கியது. நவம்பரில் வேலைநிறுத்தம் முறிந்தது. அதனுடன் சங்கமும் முறிந்தது. பன்னிரண்டு மணிநேர வேலைநாள் 1920களின் தொடக்கம் வரை உருக்காலைகளில் நீடித்தது.

பிறிக் கோழையல்லர் என்பதையும் கூறுதல் நியாயமாகும். அதே யூலை மாதம் 23ஆந் திகதி அலெக்சாண்டர் பேர்க்மன் என்னும் இளைஞர் அவருடைய அலுவலகத்தினுள் நுழைந்து அவரைச் சுட்டுக் கத்தியாலுங் குத்தினார். பிறிக் உயிர் தப்பினார்; தம் முடிவிலிருந்து சிறிதும் தளரவில்லை. தாம் செய்வது முறையென்று அவர் உறுதியாக நம்பினார் என்பதில் ஐயமில்லை. எமது வினா கயவர் ஒருவரைப் பற்றியதன்று என்பதனாலேயே அது கடினமாகின்றது. தம் உடைமைக்கு உரிய உரிமையைக் காப்பதாக நம்பிய ஒருவர், அந்நம்பிக்கையின் வழியிலேயே பிறரின் உழைப்புக்குரிய பயனையும் அவர்கள் ஒன்றுகூடிப் பேசும் உரிமையையும் பறித்தார். 1901ஆம் ஆண்டு அந்நிறுவனம் 48 கோடி டொலருக்கு விற்கப்பட்டபோது, அதன் பங்காளர் என்ற முறையில் அவர் பெற்ற பெருஞ்செல்வமே பின்னர் ஓவியங்களாக மாறியது.

மாளிகையும் மரணசாதனமும்

தோமஸ் ஹேஸ்டிங்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் வரைந்த திட்டப்படி 1913, 1914ஆம் ஆண்டுகளில் அம்மாளிகை கட்டப்பட்டது. பிறிக் அதில் வாழ்ந்த காலம் ஐந்தாண்டளவே. 1919 டிசெம்பர் 2ஆந் திகதி அவர் மறைந்தபோது, மனைவியின் காலத்துக்குப் பின் அம்மாளிகையும் அதிலுள்ள கலைச்செல்வங்களும் பொதுமக்களுக்குரிய கலைக்கூடமாதல் வேண்டுமென்று தம் மரணசாதனத்தில் எழுதியிருந்தார். அதனைப் பராமரிப்பதற்கென ஒன்றரைக் கோடி டொலரையும் ஒதுக்கியிருந்தார். பிற்ஸ்பேர்க் நகருக்கும் ஒரு பூங்காவுக்குரிய 151 ஏக்கர் நிலத்தை விட்டுச்சென்றார். மனைவியார் 1931இல் காலமான பின்னர், யோன் றசல் போப் என்னும் கட்டடக் கலைஞர் மாளிகையை விரிவாக்க, 1935 டிசெம்பர் 16ஆந் திகதி கலைக்கூடம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. ஹோம்ஸ்டெட்டில் 1892இல் முறிந்த தொழிற்சங்க உரிமை உருக்கு நிறுவனத்தின் ஏற்பைப் பெற்றது 1937ஆம் ஆண்டிலேயே. முதலாளியின் வீட்டுக் கதவு திறந்து ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தின் பின்னரே ஆலையின் கதவு தொழிற்சங்கத்துக்குத் திறந்தது.

இக்கலைக்கூடத்துக்குரிய தனித்தன்மை யாதெனின், அது இன்றும் ஒரு வீடாகவே காட்சியளிப்பதாகும். பொது நூதனசாலைகளிற் போல ஓவியங்கள் கால வரிசையிலோ நாட்டு வரிசையிலோ வைக்கப்பட்டில்லை. செல்வர் ஒருவரின் கூடத்தில் நாற்காலிகளுக்கும் விளக்குகளுக்கும் கணப்படுப்புக்கும் நடுவே அவை தொங்குகின்றன. நெடுங்காலத் திருத்தவேலையின் பின் 2025 ஏப்ரிலில் மாளிகை மீளத் திறக்கப்பட்டபோது, குடும்பத்தினர் வாழ்ந்த மேல்மாடி அறைகளும் முதன்முறையாகப் பார்வையாளருக்குத் திறக்கப்பட்டன. ஆகவே அங்குச் செல்பவர் நூதனசாலைக்குச் செல்வோர் மட்டுமல்லர். ஒரு வீட்டுக்குச் செல்லும் விருந்தினருமாவர். விருந்தினர் வீட்டுக்காரரின் பொருள் வந்த வழியைக் கேட்பதில்லை, அது பண்பாகாது. இம்மனநிலையே எமது ஆய்வுக்குரிய மையமாகும்.

மூன்று விடைகள்

பொதுவாக இவ்வினாவுக்கு மூன்று விடைகள் கூறப்படுவதுண்டு.

முதலாவது, கொடை தீங்கை ஈடுசெய்துவிடுகின்றது என்பது. இவ்விடையை எளிதிற் புறக்கணித்தல் தகாது. பெல்லினி, றெம்பிறான்ற், வேர்மீர், கோயா முதலியோரின் ஓவியங்கள் அவர் வாங்குமுன் பெரும்பாலும் தனியார் மாளிகைகளிலேயே இருந்தன. இன்று எவரும் கட்டணஞ் செலுத்திச் சென்று அவற்றின் முன் நிற்கலாம். ஹோம்ஸ்டெட் தொழிலாளரின் கூலி சற்றுக் கூடியிருப்பின் அது எப்பொழுதோ செலவாகி மறைந்திருக்கும். இவ்வோவியங்களோ தலைமுறை தலைமுறையாகப் பயன் தருகின்றன. இழந்தவர் சிலர், பெற்றவர் பலர் என்று கணக்கிட்டால் நன்மையின் தட்டே தாழும் என்பர் இக்கருத்தினர்.

இக்கணக்கின் குறை அதன் கூட்டலில் இல்லை. கணக்கை எழுதியவர் யார் என்பதில் உள்ளது. கடன் என்பது இன்னாருக்கு இன்னார் கொடுக்கவேண்டியது. ஒருவரிடம் பெற்ற கடனை வேறொருவருக்குக் கொடுத்துத் தீர்த்துவிட்டதாக எவரும் கூறமுடியாது. அவ்வேறொருவர் எத்துணைத் தகுதி வாய்ந்தவராயினும் கூறமுடியாது. ஹோம்ஸ்டெட்டில் உலையின் முன் பன்னிரண்டு மணிநேரம் நின்றவனுக்குரியது, நியூயோர்க்கில் ஓவியம் பார்க்கச் செல்பவனுக்கு வழங்கப்பட்டது. அன்றியும், கூலி உணவிலும் உடையிலும் கரைந்துபோகும் என்பதை ஒரு குறையாகக் கூறுவது, பசித்தவன் உண்பதை வீண் செலவாகக் கருதுவதாகும். அத்தொழிலாளியின் பிள்ளை கல்வி கற்றிருக்கக்கூடும். அவன் மனைவி நோயினின்று மீண்டிருக்கக்கூடும். இவை எந்த நூதனசாலையின் சுவரிலும் தொங்காத நன்மைகள். ஆதலால் கணக்கில் வராதுபோயின.

பொருள் வரும் வழி தூயதாயிருந்தாலே அதனால் அறமும் இன்பமும் விளையும் என்பது வள்ளுவரின் கருத்து. பேரறிவாளனின் செல்வத்தை ஊர் உண்ணும் நீர் நிறைந்த குளத்துக்கு ஒப்பிட்டவரும் அவரே. இவ்விரு கருத்துகளையும் இணைத்து நோக்குவோமாயின், குளம் நிறைந்திருப்பதைக் கண்டு மகிழ்வதோடு நாம் நின்றுவிடலாகாது என்பது புலனாகும். அந்நீர் எவருடைய வயலுக்குச் செல்லவேண்டிய வாய்க்காலை அடைத்துத் திருப்பியதால் வந்தது என்பதும் அறத்தின் வினாவேயாகும்.

இவ்வுவமைக்குப் பிறிக்கின் வரலாற்றிலேயே ஒரு கொடிய சான்று உண்டு. பிற்ஸ்பேர்க் செல்வர்கள் மீன்பிடித்தும் வேட்டையாடியும் பொழுதுபோக்குவதற்கென மலைப்பகுதியில் ஒரு கழகம் வைத்திருந்தனர். அதனைத் தொடங்கியோரில் பிறிக்கும் ஒருவர். அக்கழகத்துக்குரிய ஏரியின் அணை 1889 மே 31ஆந் திகதி பெருமழையில் உடைந்தது. கீழே இருந்த ஜோன்ஸ்ரவுண் நகரையும் அதனையடுத்த ஊர்களையும் வெள்ளம் வாரிச் சென்றது. 2,209 பேர் இறந்தனர். கழகத்தையோ அதன் உறுப்பினரையோ எந்த நீதிமன்றமும் பொறுப்பாளியாக்கவில்லை. அழிந்த நகருக்குக் கார்னெகியின் செலவில் ஒரு புதிய நூல்நிலையம் கட்டப்பட்டது. ஹோம்ஸ்டெட்டிலும் அவ்வாறே 1898ஆம் ஆண்டு அவருடைய பெயரால் ஒரு நூல்நிலையம் திறக்கப்பட்டது. பன்னிரண்டு மணிநேரம் உழைத்துத் திரும்பியவன் அங்குச் சென்று படிப்பதற்கு எந்நேரத்தைக் கண்டான் என்பது கேட்கப்படவேண்டிய வினா.

இரண்டாவது விடை முதலாவதற்கு நேர்மாறானது. செல்வம் தீயதாயின் அதன்வழி வந்தவையெல்லாம் தீயன. அவற்றை நுகர்வது தீமையிற் பங்குகொள்வதாகும். ஆதலால் விலக்கல் வேண்டும் என்பது அது. இவ்விடையில் அறச்சீற்றம் உண்டு. ஆயினும் அது கலைப்படைப்பின் இயல்பை மறந்துவிடுகின்றது. வெனிஸ் நகரில் பதினைந்தாம் நூற்றாண்டில் ஓவியந் தீட்டிய பெல்லினிக்கும் ஹோம்ஸ்டெட்டுக்கும் யாதொரு தொடர்புமில்லை. ஓவியத்தை வாங்கியவரின் குற்றம் ஓவியத்தின்மேல் ஏறாது. அவற்றை நாம் பார்க்காது விடுவதால் இறந்த ஒருவரும் மீளப்போவதில்லை. அன்றியும், கொடுமையின் கறைபடியாத செல்வத்தால் ஆக்கப்பட்ட கலைகளை மட்டுமே ஏற்போமெனின், மனிதகுலத்தின் கலைப்பேறுகளுட் பலவற்றை நாம் துறக்க நேரும்.

இதற்கு எமக்கு அண்மையிலேயே சான்றுண்டு. தஞ்சைப் பெருங்கோயிலின் கல்வெட்டுகள், இராசராசன் சேரரையும் பாண்டியரையும் வென்று கைப்பற்றிய செல்வத்திலிருந்து கோயிலுக்கு வழங்கியவற்றைக் குறிப்பிடுகின்றன. ஈழமண்டலத்துச் சில ஊர்கள் அக்கோயிலுக்கு நெல்லும் பணமும் செலுத்தவேண்டியிருந்தமையையும் அவை கூறுகின்றன. ஆயினும் அக்கோயிலை எவரும் வெறுத்து ஒதுக்குவதில்லை, ஒதுக்கவும் வேண்டியதில்லை. ஆனால் இங்கு ஒரு வேறுபாடு சிந்திக்கத்தக்கது. இராசராசனின் கல்வெட்டு செல்வம் வந்த வழியை மறைக்கவில்லை. வெற்றிப் பெருமிதத்தாலேயே அது கூறப்பட்டதன்றி இரக்கத்தால் அன்று என்பது உண்மையே. எனினும், கூறப்பட்டமையால், எடுத்தது எங்கிருந்து என்பதை ஆயிரம் ஆண்டுகளின் பின்னரும் நாம் அறிகின்றோம். நவீன காலத்துக் கொடைவள்ளலின் கல்வெட்டோ கொடுத்தவரின் பெயரை மட்டும் பொறித்து ஏனையதை விட்டுவிடுகின்றது.

மூன்றாவது விடை, கலையையும் செல்வத்தின் வரலாற்றையும் முற்றாகப் பிரித்துவிடல் வேண்டும் என்பது. ஓவியத்தின் முன் நிற்பவன் ஓவியத்தை மட்டும் பார்க்கட்டும். பொருளியலை வேறிடத்திற் பேசுவோம் என்பர். இது பண்பட்டோர் பலரும் விரும்பும் விடை. ஆயின் பிறிக் மாளிகையில் இப்பிரிவினைக்கு ஓவியங்களே இடந்தருவதில்லை.

அங்குள்ள கூடமொன்றில் பெல்லினி வரைந்த புனித பிரான்சிஸ் அசீசியாரின் ஓவியம் உள்ளது. பிறிக் அதனை 1915ஆம் ஆண்டு பெற்றார். பாறைகளுக்கு நடுவே, தம் சிறு குடிலின் முன், வெறுங்காலுடன் இரு கைகளையும் சற்று விரித்து ஒளியை நோக்கி நிற்கின்றார் துறவி. செல்வரான துணிவணிகரின் மகனாகப் பிறந்து அனைத்தையும் துறந்தவர் அவர். அவருடைய வரலாற்றை எழுதியோர் ஒரு நிகழ்ச்சியைக் கூறுவர். இளைஞரான பிரான்சிஸ் சிதைந்த கோயிலொன்றைப் புதுக்குவதற்காகத் தந்தையின் துணிகளை விற்று அப்பணத்தைக் கோயிலுக்குக் கொடுக்க முனைந்தார். நோக்கம் புனிதமானது, ஆயினும் ஆயர், பிறருக்குரிய பொருள் கோயிலுக்கு வேண்டாம், உரியவரிடமே திருப்பிக் கொடு என்றார். பிரான்சிஸ் பணத்துடன் தாம் உடுத்த உடையையும் களைந்து தந்தையின்முன் வைத்துவிட்டுச் சென்றார். உரியவருக்குத் திருப்புதல் முதலாவது. கொடுத்தல் அதன் பின்னதே என்பதை இதனிலுந் தெளிவாகக் கூறமுடியாது. அவருடைய திருவுருவம் உருக்கு முதலாளியின் கூடத்திலே தொங்குகின்றது.

அதே கூடத்தில் ஹொல்பைன் வரைந்த தோமஸ் மோர், தோமஸ் குறொம்வெல் ஆகிய இருவரின் உருவங்கள் கணப்படுப்பின் இரு புறமும் உள்ளன. ஒரே அரசனுக்குப் பணிபுரிந்த இருவரும் அவ்வரசனின் ஆணையாலேயே தலையிழந்தனர். மோர் 1535இலும் குறொம்வெல் 1540இலும். அதிகாரத்துக்கு அண்மையில் மனச்சான்று படும் பாட்டை அவ்விரு முகங்களும் காட்டுகின்றன. இன்னும், 1914இல் பிறிக் வாங்கிய கோயாவின் ஓவியமொன்று கொல்லர் மூவரைச் சித்திரிக்கின்றது. பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சூழ்ந்து அவர்கள் நிற்கின்றனர். எமக்கு முதுகு காட்டி நிற்பவன் சம்மட்டியை ஓங்கியிருக்கின்றான். உழைப்பின் கடுமையையும் அதன் பெருமையையும் இவ்வளவு நேர்மையாகக் காட்டிய ஓவியங்கள் குறைவு. இரும்பை உருக்கிய தொழிலாளரின் உழைப்பாற் செல்வரானவர் இதனை விரும்பி வாங்கினார் என்பதை என்னென்பது! ஓவியத்திலுள்ள தொழிலாளியை அவராற் போற்ற முடிந்தது. ஆலையில் நின்று உரிமை பேசிய தொழிலாளியைப் போற்ற முடியவில்லை. கலையுணர்வு மட்டும் ஒருவரை அறவோராக்கிவிடாது என்பதற்கு இது போதிய சான்றாகும். அதே வேளையில், கலையை வரலாற்றிலிருந்து பிரித்துக் காண்போம் என்பவருக்கும் இதுவே மறுப்பாகின்றது. கோயாவின் கொல்லர்களைப் பார்த்துவிட்டு ஹோம்ஸ்டெட்டை எண்ணாதிருப்பவர் அவ்வோவியத்தையே முழுமையாகப் பார்த்தவராகார்.

விருந்தினரா, உரித்தாளரா?

ஆகவே நாம் எந்நிலையை மேற்கொள்வது? எம் கருத்தில், பிரச்சினையின் வேர் ஓவியங்களிலோ மாளிகையிலோ இல்லை. நன்றி என்னும் உணர்விலேயே உள்ளது. கொடை என்று கொண்டவுடன் பெறுபவர் விருந்தினராகின்றார். விருந்தினர் நன்றிக்குக் கட்டுப்பட்டவர். நன்றி நற்பண்பே. ஆயின் இங்கு அந்நன்றி ஒருவருக்கு மட்டும் செலுத்தப்படுகின்றது. அச்செல்வத்தை ஆக்கிய பலருக்கு அதில் ஒரு சிறு பங்கேனும் செல்வதில்லை. அம்மாளிகையின் ஒவ்வொரு கல்லிலும் கற்கரிச் சூளையில் வெந்தவர்களின் உழைப்பும் உருக்காலையில் நின்றவர்களின் உழைப்பும் அடங்கியுள்ளன. அந்நிலையில், மாளிகை மக்களுக்கு வந்து சேர்ந்தமையைக் கொடையெனக் கொள்வதிலும் பார்க்க, உரியதில் ஒரு பகுதி சுற்றுவழியாகவும் காலந் தாழ்த்தியும் மக்களிடம் மீண்டமையெனக் கொள்வதே பொருந்தும். பொதுமக்கள் அங்கு விருந்தினர் அல்லர்; உரித்தாளர்.

இவ்வாறு கொள்வதால் யாது பயன் எனலாம். பயன் பெரிது. விருந்தினர் வினாவெழுப்புவதில்லை, உரித்தாளரோ வினவக் கடமைப்பட்டவர். உரித்துடன் கடனும் வந்து சேரும் என்பது எம்மவர் நன்கறிந்த வழக்கு. தமிழில் கடன் என்னும் சொல் மூன்று பொருள் தரும். திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருள் ஒன்று. செய்யவேண்டிய கடமை மற்றொன்று. இறந்தோரைக் குறித்து உயிரோடிருப்போர் ஆற்றுவது மூன்றாவது. ஹோம்ஸ்டெட்டில் மாண்டவர்களுக்கும் கூலியிழந்தவர்களுக்கும் முதற்பொருளிற் கடன் தீர்ப்பது இனி எவராலும் இயலாது. கொடுக்கவேண்டியவரும் பெறவேண்டியவரும் மறைந்துவிட்டனர். ஆயின் இரண்டாவது, மூன்றாவது பொருள்களில் அக்கடன் இன்னும் நிலுவையில் உள்ளது. உண்மையைக் கூறுதலும் நினைவைப் பேணுதலுமே அக்கடனாகும்.

ஹோம்ஸ்டெட் ஆலை 1986ஆம் ஆண்டு மூடப்பட்டது. ஆலை நின்ற இடத்தில் இப்பொழுது கடைத்தொகுதிகள் உள்ளன. மோதல் நிகழ்ந்த ஆற்றங்கரையிலிருந்த நீரிறைக்கும் நிலையக் கட்டடம் பேணப்பட்டுள்ளது. 1892இல் மாண்ட தொழிலாளருக்கு உருக்குத் தொழிலாளர் அமைப்பொன்று 1941ஆம் ஆண்டு ஒரு நினைவுக்கல்லை நாட்டியது. அக்கல் ஹோம்ஸ்டெட்டில் நிற்பது முறையே. ஆயின் அந்நினைவுக்கு உரிய இடம் அது மட்டுமன்று. ஐந்தாம் அவெனியூ மாளிகையும் அதற்குரிய இடமேயாகும். பெல்லினியின் ஓவியம் எவ்வாண்டு வரையப்பட்டது, எவ்வாறு கைமாறியது என்பதை நுணுகி ஆராயும் கலைக்கூடங்கள், அதனை வாங்கிய பணம் எவ்வாறு வந்தது என்பதையும் அதே நேர்மையுடன் கூறுதல் வேண்டும். அதுவும் அவ்வோவியத்தின் வரலாற்றின் ஒரு பகுதியேயன்றோ?

இதற்கு ஒரு தடை எழுப்பப்படலாம். நினைவுகூர்தல் செலவற்ற அறம். சுவரில் நாலு வரி எழுதிவிட்டு மனம் ஆறுதலடைவது எளிது என்பது அது. அத்தடை நியாயமானதே. அந்நாலு வரியால் கடன் தீர்ந்துவிட்டதென்று எவரும் கருதினால் அவர் கார்னெகியின் பிழையையே மீண்டும் செய்பவராவர். உண்மையைக் கூறுதல் கடனைத் தீர்ப்பதற்கன்று. கடன் தீர்ந்துவிட்டது என்னும் பொய்யைத் தடுப்பதற்கேயாகும். மேலும், கொடுப்பவர் உயிரோடிருந்து தீங்கும் தொடர்ந்துகொண்டிருக்கும்போது நினைவுகூர்தல் மட்டும் போதாது. கொடையை மறுத்தலும் வேண்டும். வலிநிவாரணி மருந்தொன்றின் விற்பனை தொடர்பாக 2020ஆம் ஆண்டு அமெரிக்க நீதிமன்றில் குற்றத்தை ஏற்றுக்கொண்ட பேர்டியூ பார்மா நிறுவனத்தின் உரிமையாளரான சக்லர் குடும்பத்தினரின் பெயரைப் பாரிசின் லூவர் நூதனசாலை 2019இலும் நியூயோர்க்கின் மெற்றொபொலிற்றன் நூதனசாலை 2021இலும் தம் கூடங்களிலிருந்து அகற்றின. இறந்தவரின் கொடையைத் திருப்ப வழியில்லை. உயிரோடிருப்பவரின் கொடைக்கு முன் உரியவருக்குத் திருப்பிக் கொடு என்று கூறிய அசீசி ஆயரின் சொல் இன்றும் செல்லுபடியாகும்.

இறுதியாக, கூலியாகக் கொடாததைக் கொடையாகக் கொடுத்தல் என்னும் ஏற்பாட்டில் மறைந்துள்ள தீர்மான உரிமையைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். பொதுநன்மை எது, அதற்கு எவ்வளவு செலவிடுவது என்பதை மக்கள் தாமே கூடித் தீர்மானிப்பது குடியாட்சி. செல்வர் ஒருவர் தம் சுவைக்கேற்பத் தீர்மானிப்பது, அவருடைய சுவை எத்துணை உயர்ந்ததாயினும், குடியாட்சியாகாது. பிறிக்கின் மாளிகை எழத் தொடங்கிய 1913ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் கூட்டாட்சி வருமானவரி அரசியலமைப்பின் வலுவைப் பெற்றது. நான்கு ஆண்டுகளின் பின், 1917இல், அறக்கொடைகளுக்கு அவ்வரியிலிருந்து விலக்களிக்கப்பட்டது. அன்று தொடக்கம் செல்வர் கொடுக்கும் ஒவ்வொரு கொடையிலும் அரசு பெறாதுவிட்ட வரிப்பணம் ஒரு பகுதியாகக் கலந்தே வருகின்றது. பெயர் மட்டும் ஒருவருக்குரியதாகின்றது.

எனவே பிறிக் கலைக்கூடத்துக்குச் செல்லவேண்டாமென்று கூறுவது எம் நோக்கமன்று. செல்லுதல் வேண்டும், பெல்லினியின் துறவியின் முன் நீண்டநேரம் நிற்றலும் வேண்டும். ஆயின் அங்கு நிற்பவர் தம்மை விருந்தினராக எண்ணித் தலைவணங்க வேண்டியதில்லை. தமக்கு முன் வாழ்ந்த பெயரறியாப் பலரின் உரித்தாளராக நின்று, பெற்றதன் அழகைக் கண்டு மகிழ்வதோடு அதன் கணக்கையும் கேட்டல் வேண்டும். அழகு அக்கேள்வியினால் குறைந்துபோவதில்லை. கோயாவின் கொல்லன் ஓங்கிய சம்மட்டி எவருடைய பொருட்டு ஓங்கப்பட்டது என்று அறிய முயல்வோருக்கே அவ்வோவியம் முழுமையாக உரியதாகும்.